தேடியது வீட்டில், சென்றது கடைக்கு

கட்டற்ற மென்பொருள் என்பது விலையில்லாப் பொருள் என்பதன்று. பயன்கொள்வோர்க்கு உரிமை தரும் பொருள் என்பதே அதன் கருத்து. அவ்வுரிமையின் பெயரால் பரவிய உபுண்டு என்னும் இயக்குதளம், 2012 அக்தோபரில் வெளிவந்த தன் 12.10ஆம் பதிப்பில் செய்த செயல் ஈண்டு எண்ணத்தக்கது.

ஒருவர் தம் கணிப்பொறிக்குள் தம் கோப்பு ஒன்றையே தேடுகிறார். மருத்துவக் குறிப்போ கடன் கணக்கோ, எதுவாகவும் இருக்கலாம். அவர் தட்டிய சொல் அப்பொறியோடு நிற்கவில்லை. உபுண்டுவை உருவாக்கும் கனோனிக்கல் நிறுவனத்தின் வழங்கிக்குச் சென்றது. அமேசான் அங்காடியின் சரக்குகள் அவர்தம் கோப்புகளுக்கருகே வந்து அமர்ந்தன. விற்றால் கனோனிக்கலுக்குத் தரகு!

தேடுவார் இன்னாரென அமேசான் அறியாது என்றார் நிறுவனர் மார்க்கு சட்டில்வொர்த்து. (சரக்குகளின் படங்களோ தொடக்கத்தில் அமேசானிலிருந்தே நேரே இறங்கின.) பொறியின் முழு ஆளுகையும் முன்பே எம் கையில்தானே உள்ளது என்றும் சொன்னார். நம்பி வந்தார்க்குக் கூறும் விடையா இது? இரிச்சர்டு சிடால்மன் அவ்வாண்டு திசம்பரில் இதனை உளவு மென்பொருள் என்றே கடிந்தார்.

நிறுத்த வழியுண்டே என்பர் சிலர். உண்டு, அமைப்புகளுள் துழாவினால் கிடைக்கும். ஆயின் இசைவு பெற்று அனுப்புவது வேறு. அனுப்பியபின் மறுக்க விடுவது வேறு. நிரல் திறந்தே கிடந்தது, மறைத்தாரில்லை என்பதும் மெய்யே. அந்நிரலைப் படிக்க வல்லார் எத்துணைப் பேர்? மற்றையோர் தரப்பட்டதைத் தரப்பட்டவாறே ஏற்பர். வணிகர் கணக்கிட்டதும் அதைத்தான்.

2016 ஏப்பிரலில் வந்த 16.04ஆம் பதிப்பில்தான் அத்தேடல் தொடக்கத்திலேயே அணைத்து வைக்கப்பட்டது. அதற்குள் ஆண்டு மூன்றரை கடந்துவிட்டது.