மலை ஏறும் சைக்கிளுக்கு எந்தச் சக்கரம்? கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கப் போகும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிகா ஹெர்ட்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, ரேம் போதாமல் தவித்தவர்கள் பலர். ஊருக்கெல்லாம் அறிவுரை சொல்லும் நானே, என் ரோடு பைக்கிற்குச் சக்கரம் வாங்கும்போது அதே தவறைச் செய்தேன். ரோடு பைக் என்றால் மோட்டார் பைக் அல்ல. வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் கொண்ட மிதிவண்டி.

ஜவ்வாது மலை ஏற வேண்டும் என்ற ஆசையில், இண்டர்நெட்டில் எடை குறைந்த சக்கரங்களாகத் தேடினேன். பழைய ஜோடியைவிட 400 கிராம் குறைவு. பின் சக்கரத்தில் வெறும் 20 கம்பிகள். ஒரு மாதச் சம்பளம் போனது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் மலைப்பாதையில் ஒரு குழியில் இறங்கியதும் "டிங்" என்ற சத்தம். ஒரு கம்பி அறுந்துவிட்டது. மீதி 19 கம்பிகளால் சக்கரத்தை நேராகப் பிடித்து நிறுத்த முடியவில்லை. ரிம் கோணி பிரேக்கில் உரசியது. அவ்வழியே வந்த மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போளூர் வந்தேன்.

சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, கோட்டம் எடுக்க நான் ரெடி. இந்தத் தட்டைக் கம்பிக்கு நான் எங்கே போவேன்?" என்றார்.

வீட்டிற்கு வந்து, முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். எக்ஸெல் புரோகிராமைத் திறந்தேன். நீங்களும் செய்து பாருங்கள். ஏ1 செல்லில் ஓட்டுபவர், சைக்கிள் இரண்டின் மொத்த எடை 80 கிலோ. ஏ2 செல்லில் குறைத்த எடை 0.4 கிலோ. ஏ3 செல்லில் மலை ஏற ஆகும் நேரம் 60 நிமிடம். ஏ4 செல்லில் சமக்குறி போட்டு, ஏ2 எண்ணை ஏ1 எண்ணால் வகுத்து, ஏ3 எண்ணாலும் 60 என்ற எண்ணாலும் பெருக்கும்படி ஃபார்முலா அமைத்து என்டர் தட்டுங்கள். விடை 18. ஒரு மணி நேர ஏற்றத்தில் எனக்குக் கிடைக்கும் லாபம் அதிகபட்சம் 18 விநாடி! ஒரு மாதச் சம்பளத்திற்கு இவ்வளவுதான்.

"சக்கரத்தின் எடை இரண்டு மடங்காகக் கணக்காகும்" என்று சிலர் சொல்வார்கள். வேகம் எடுக்கும் கணத்தில் அதில் ஓரளவு உண்மை உண்டு. ஒரே சீராக மலை ஏறும்போது எடை எங்கிருந்தாலும் எடைதான்.

எனவே என் கருத்து இதுதான். நம் மலைச்சாலைகளுக்குச் சக்கரம் தேடும்போது எடையைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் பொருந்துமா என்று பாருங்கள். மதர்போர்டுக்கு ஏற்ற ரேம் வாங்குவது போலத்தான் இதுவும். டயரின் பக்கவாட்டில் 28-622 என்று அச்சிட்டிருக்கும். 28 என்பது டயரின் அகலம். 622 என்பது டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம். இரண்டும் மில்லிமீட்டரில். கடைகளில் 700சி என்பதும் இந்த 622 தான். தாத்தா காலத்துப் பெரிய சைக்கிளின் 28 அங்குலச் சக்கரமோ 635. இரண்டையும் 28 அங்குலம் என்றே அழைப்பதால், 622 என்ற எண்ணை வைத்தே தேடுங்கள். பின் ஆக்சிலையும் கவனியுங்கள். ரிம் பிரேக் உள்ள ரோடு பைக்குகளில் பொதுவாக 130 மி.மீ.; டிஸ்க் பிரேக் வண்டிகளில் பெரும்பாலும் 142 மி.மீ.

இரண்டாவது, இறக்கம். ஏறும்போது தவறு செய்தால் நேரம் போகும். இறங்கும்போது தவறு செய்தால் உயிருக்கே ஆபத்து. ரிம் பிரேக்கை நெடுநேரம் பிடித்தால் ரிம் சூடாகும். அலுமினியம் அந்தச் சூட்டை விரைவாக வெளியேற்றும். கார்பன் அவ்வாறு செய்வதில்லை. அளவு மீறினால் ரிம் பழுதாகலாம், டியூப் வெடிக்கலாம். ரிம் பிரேக் வண்டிக்கு அலுமினிய ரிம்மே போதும். டிஸ்க் பிரேக் இருந்தால் இந்தக் கவலை இல்லை.

மூன்றாவது, கம்பிகள். 28 அல்லது 32 உருண்டைக் கம்பிகள் உள்ள சக்கரம் வாங்குங்கள். ஒன்று அறுந்தாலும் பெரும்பாலும் மெதுவாக வீடு வந்து சேரலாம். உருண்டைக் கம்பியைச் சரியான நீளத்தில் தேடிப் பிடிப்பதும் எளிது.

நான்காவது, டயர். உங்கள் ஃப்ரேமில் இடம் இருந்தால் 28 மி.மீ. அகலம் நல்லது. காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டலாம். குழிகளின் அடி குறையும். பழைய ஃப்ரேம்கள் பலவற்றில் 25 மி.மீ.க்கு மேல் நுழையாது. அளந்துவிட்டு ஆர்டர் செய்திடுங்கள்.

இப்போது என் வண்டியில் இருப்பது 32 கம்பிகள் கொண்ட அலுமினியச் சக்கரம். ஆலங்காயம் வழியாகக் காவலூர் வரை ஏறி, வைணு பாப்பு வானாய்வகத்தைப் பார்த்துவிட்டு, அதே சக்கரத்தில் பத்திரமாக இறங்கி வந்தேன். 18 விநாடி தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்திருப்பேன். அதனால் என்ன? காவலூர் அங்கேயேதான் இருந்தது!

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பொருளை வாங்க மட்டும் அல்ல, வாங்கலாமா என்று கணக்குப் பார்க்கவும் உதவும். "வாங்கு" பட்டனைக் கிளிக் செய்யும் முன், எக்ஸெலை ஒரு முறை திறந்து பாருங்கள்.