கூட்டணுமா, பெருக்கணுமா?

"சார், இது கூட்டல் கணக்கா, பெருக்கல் கணக்கா?"

செவ்வகத்தின் பரப்பளவை வாசகக் கணக்காகக் கரும்பலகையில் எழுதிய மறு நிமிடம் வகுப்பில் எழும் கேள்வி இது. காதில் விழாத தொடக்கப் பள்ளி ஆசிரியர் இருக்க மாட்டார். 12 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள தோட்டத்தின் பரப்பளவு என்ன? ஒரு பிள்ளை 17 என்று எழுதும், இன்னொன்று 34 என்று எழுதும். 60 என்று எழுதிய பிள்ளையிடம், "எது 60 இருக்கிறது?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பல நேரம் பதில் வராது. விடை சரியாக இருப்பதால் அந்தப் பிள்ளையின் தடுமாற்றம் வெளியே தெரிவதில்லை. 17 எழுதிய பிள்ளையைவிட அதற்குத்தான் ஆசிரியரின் கவனம் கூடுதலாகத் தேவை.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று போகும் மலைச்சாலையில் கிளாவரைக்கு முன்னால் இருக்கிறது பூண்டி என்ற ஊர். சரிவெங்கும் படிபடியாக வெட்டிய வயல்கள்; பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளைகிற மண் இது. பரப்பளவுப் பாடத்துக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் எந்தக் கல்விக் கடையிலும் கிடைக்காது.

3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் ஒரு பூண்டுப் பாத்தி. வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டர், பல்லுக்குப் பல் 10 சென்டிமீட்டர் இடைவெளி. அகலவாட்டில் போகும் ஒரு வரிசையில் எத்தனை பூண்டுப் பல் ஊன்றலாம்? பத்து. எத்தனை வரிசை? இருபது. மொத்தம் 200. இப்போது அதே பாத்தியை வேறு விதமாகப் பார்க்கச் சொல்லலாம். ஒவ்வொரு பல்லுக்கும் 15க்கு 10 என்று ஒரு குட்டிச் செவ்வகம் சொந்தம். அது 150 சதுர சென்டிமீட்டர். பாத்தி முழுவதும் 30,000 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் அதே 200. நீளத்தை அகலத்தால் ஏன் பெருக்குகிறோம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். வரிசையில் இத்தனை, அப்படி இத்தனை வரிசை. பெருக்கல் அங்கேயே மண்ணில் ஊன்றிக் கிடக்கிறது.

அந்த 'வரிசை'யைப் பார்ப்பது பெரியவர்கள் நினைக்கிற அளவுக்கு எளிதல்ல. ஆஸ்திரேலியாவில் லின் அவுட்ரெட், மைக்கேல் மிச்செல்மோர் என்ற இரு ஆய்வாளர்கள் முதல் நான்கு வகுப்புகளைச் சேர்ந்த 115 குழந்தைகளிடம், ஒரு செவ்வகத்தைச் சதுரங்களால் நிரப்பி வரையச் சொன்னார்கள். 2000இல் வெளியான அந்த ஆய்வில், சிறு பிள்ளைகள் பலர் சதுரங்களை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டும் கோணலாகவும் வரைந்தது தெரியவந்தது. கோடு போட்டு வரிசை வரிசையாகப் பிரிக்கலாம் என்பது பிறகுதான் பிடிபடுகிறது. அது பிடிபடும் முன்பே 'நீளம் × அகலம்' என்ற சூத்திரத்தைக் கையில் கொடுத்தால், அது வெறும் மந்திரமாகவே தங்கிவிடும்.

நம் முன்னோர் நிலக்கணக்கைச் சதுரத்திலிருந்தே தொடங்கினார்கள். ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் உள்ள நிலம் ஒரு குழி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறும். 12 அடிக் கோல் என்றால் ஒரு குழி 144 சதுர அடி. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். திண்ணைப் பள்ளி எண்சுவடியில் 'குழிமாற்று' என்று இதற்கென்றே தனி வாய்ப்பாடு இருந்தது. வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபு 2022இல் வெளியான தம் நூலில் இந்தக் கணக்கு மரபை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்தப் பள்ளிகளின் பிரம்பும் ஓயாத மனப்பாடமும் திரும்பி வர வேண்டாம். ஆனால் 'எத்தனை குழி?' என்று கேட்டபோது, எதை எண்ணுகிறோம் என்பது கேள்விக்குள்ளேயே இருந்தது. 'பரப்பளவு காண்க' என்பதில் அது இல்லை.

வேலி என்ற சொல்லையே பாருங்கள். நிலத்தைச் சுற்றி நிற்பதும் வேலி, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலமும் வேலி. பிள்ளைகள் சுற்றளவையும் பரப்பளவையும் குழப்பிக்கொள்கிற இடமும் இதுவே. 20 மீட்டர் கம்பிவலையைக் கொடுத்து ஒரு செவ்வகத்தை அடைக்கச் சொன்னால் குழப்பம் தீரும். 9க்கு 1 என்று அடைத்தால் உள்ளே 9 சதுர மீட்டர், 8க்கு 2 என்றால் 16, 5க்கு 5 என்றால் 25. வலை அதேதான், விதைக்கும் இடம் மட்டும் கூடுகிறது. ஆடு நுழையாமல் காக்க எது வேண்டும், எரு போட எது வேண்டும் என்று பிறகு கேட்டால், கூட்டலா பெருக்கலா என்ற கேள்விக்குப் பிள்ளைகளே பதில் சொல்வார்கள்.

வாசகக் கணக்கைச் சில நாள் எண்ணே இல்லாமல் கொடுப்பதும் நல்லது. "ஒரு பாத்திக்கு உரம் போட வேண்டும், எதை அளப்பாய்?" அவ்வளவுதான். பிள்ளை முதலில் படம் வரையட்டும், எதை அளக்கிறோம் என்று வாயால் சொல்லட்டும். எண்கள் பிறகு வரட்டும். எண்களைக் கண்டதும் கை கணக்குப் போட ஓடிவிடுகிறது. வாசகத்தைப் படிக்க யாரும் மிஞ்சுவதில்லை.

பூண்டியின் படி வயல்கள் புத்தகச் செவ்வகங்கள் அல்ல. மலையின் வளைவோடு அவையும் வளைகின்றன. கட்டம் போட்ட நோட்டில் அந்த வயலை வரைந்து, முழுக் கட்டங்களை எண்ணி, அரைக்கட்டங்களை இரண்டிரண்டாகச் சேர்க்கும் பிள்ளை, சூத்திரம் கைகொடுக்காத இடத்திலும் பரப்பளவைக் கண்டுபிடித்துவிடும். ஆசிரியர்களே, அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது, சூத்திரத்தை எழுதுவதற்கு முன்னால் ஓர் அளவு நாடாவோடு பிள்ளைகளைப் பக்கத்துப் பாத்திக்குக் கூட்டிப் போங்கள்.