துண்டறிக்கைக்கு முகவரி வேண்டும், காணொளிக்கு வேண்டாமா?

தேர்தல் நேரத்தில் நாம் சேரியில் வீடுவீடாகக் கொடுக்கும் ஒற்றைத் தாள் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு இது. அதே இரவில் நம் மக்களை இழிவுபடுத்தி, சாதி வெறியைக் கிளப்பி வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிக்குப் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை, செலவுக் கணக்கும் இல்லை.

வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரச்சாரம் கூடாது என்கிறது 126ஆவது பிரிவு. அதில் சினிமா இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது, இணையம் என்ற சொல் இல்லை. அந்த ஓட்டையை அடைக்க 2019இல் வந்தது நிறுவனங்கள் தாமாக ஏற்றுக்கொண்ட நடத்தை நெறி. குடியரசின் தேர்தல் நியாயம் கம்பெனிகளின் நல்லெண்ணத்தை நம்பியா இருப்பது?

பணத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 2022இல் 40 லட்சமாக உயர்த்தப்பட்டது. கட்சிக்கோ வரம்பே கிடையாது. வேட்பாளரின் சமூக ஊடகக் கணக்கையும் இணைய விளம்பரச் செலவையும் காட்டச் சொல்லி 2013இலேயே தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. ஆனால் 'ஆதரவாளர்கள்' என்ற பெயரில் இயங்கும் பக்கங்கள் அந்த வலையில் சிக்குவதில்லை. சுவரெழுத்தையும் கால்நடையையும் நம்பி நிற்கும் நம் வேட்பாளர் இவர்களோடு போட்டியிட வேண்டும். வாக்கின் மதிப்பு சமம்தான், சமூக, பொருளாதார வாழ்வில் மனிதரின் மதிப்பு சமமாகுமா என்பதே புரட்சியாளர் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் எழுப்பிய கவலை.

'அப்படியானால் பதிவுகளை நீக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கலாமே' என்பார்கள். கூடாது தோழர்களே. 66ஏ பிரிவை மறந்துவிடாதீர்கள். முகநூல் பதிவுக்கெல்லாம் கைது செய்ய உதவிய அந்தப் பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வாயடைக்கும் அதிகாரம் எவர் கையில் போனாலும் முதல் அடி நமக்குத்தான்.

நாம் கேட்பது வெளிப்படைத்தன்மை. கட்சிக்கு யார் பணம் தருகிறார் என்று அறிவது 19(1)(அ) தரும் வாக்காளர் உரிமை என்று தேர்தல் பத்திரத் தீர்ப்பு 2024இல் சொல்லிவிட்டது. என் கைபேசிக்கு வரும் விளம்பரத்துக்குக் காசு கொடுத்தவர் யார் என்று அறிவதும் அதே உரிமைதான். 127ஏவை இணையத்துக்கும் நீட்டுங்கள். கட்சிச் செலவுக்கு வரம்பு வையுங்கள்.

சாதி வெறுப்புக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(u) கையில் இருக்கிறது. இணைப்பு, தேதி, திரைப்பிடிப்பு மூன்றையும் சேமியுங்கள். புகாரை எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்காமல் காவல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

ஜெய்பீம்!