சைக்கிள் விட வழி கேக்குறீங்களே, வழியை மூடினது யாரு?

கிராவல்னு சொன்னா எங்க பக்கத்துல ஒரே அர்த்தம்தான். மேட்டை வெட்டி டிப்பர்ல ஏத்தி, பிளாட் நிரவக் கொண்டுபோற சரளை மண். கிராவல் லாரி வருதுன்னா புள்ளைங்களைக் கையைப் புடிச்சி ஓரமா இழுக்கணும். இப்ப என்னடான்னா அதே பேர்ல ஒரு சைக்கிள் ஓட்டம் இருக்காம். தார் இல்லாத, லாரி பஸ் வராத சரளைப் பாதையா பாத்து நாள் பூரா சைக்கிள் விட்டுக்கிட்டே போறது. 2022-ல இத்தாலியில இதுக்கு உலகப் போட்டியே வச்சாங்களாம். அதுக்குன்னு தனி சைக்கிள், தனி டயர். விலையைக் கேட்டேன். ரெண்டு கறவை மாடு வாங்கலாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, போன மாசியில சென்னையிலேருந்து நாலு பேர் வந்தாங்க. தெரிஞ்சவங்க மூலமா வந்தவங்க, நல்ல மனுஷங்க. "ஐயா, வந்தவாசி சுத்துப்பட்டுல மெயின் ரோட்டைத் தொடாம ஒரு முப்பது கிலோமீட்டர் மண் பாதை காட்டுங்க, பொன்னூர் மலை வரைக்கும் போகணும்"னாங்க. எனக்கு சிரிப்பு வந்துச்சு. நாப்பது வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா முப்பது என்ன, முன்னூறு கிலோமீட்டர் காட்டியிருப்பேன்.

சரின்னு கூட்டிக்கிட்டுப் போனேன். நான் என் பழைய சைக்கிள்ல, அவங்க அவங்க சைக்கிள்ல. தெருக்கோடி தாண்டினா ஏரிக்கரை. ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் நெல்லுக் கழனி, கரை நெடுக பனை. காலங்காத்தால நாரை, மடையான் எல்லாம் சேத்துல நிக்கும். கலங்கல் கிட்ட இறங்கினா வண்டிப்பாட்டை. ரெண்டு பக்கமும் நொச்சியும் ஆவாரையும். மல்லாட்டை கொல்லிங்க வழியா அப்படியே மேல ஏறும். மேடுன்னு சொல்ற மாதிரி மேடு கிடையாது, மூச்சு வாங்காது. நாலு பேரும் போட்டோ எடுத்துத் தள்ளுறாங்க, இப்படி ஒரு இடமான்னு.

ஒண்ணரை கிலோமீட்டர் போயிருப்போம். பாட்டை நின்னு போச்சு. குறுக்க கம்பி வேலி, நீலக் கேட்டு, பூட்டு. உள்ள மாங்கன்னு வச்சிருக்கு, சொட்டு நீர் போட்டிருக்கு, ஒரு சின்ன வீடு. சொந்தக்காரர் பட்டணத்துல இருக்காரு. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோட வந்து ராத்திரி தங்கிட்டுப் போவாரு.

"சுத்திப் போகலாமா?"ன்னாங்க. போகலாம், மெயின் ரோட்டு வழியா. அங்கதான் அவங்க வர மாட்டேன்றாங்க. லாரி போற ரோட்டுல சைக்கிள் விட அவங்களுக்கு பயம். நியாயமான பயம்தான். ஆனா அதே ரோட்டுலதான் எங்க ஊர் புள்ளைங்க தினம் ரெண்டு வேளை சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போய் வருது. பாட்டை வழியா மூணு கிலோமீட்டர், ரோட்டு வழியா ஆறு. போன ஐப்பசி மழையில எங்க எதிர்வீட்டுப் பொண்ணு, ப்ளஸ் ஒன் படிக்கிறது, டிப்பர் ஒதுக்கின காத்துல தடுமாறி ரோட்டோர ஜல்லியில விழுந்து கை முறிஞ்சு போச்சு. லாரி நிக்கவே இல்ல. அரசாங்கம் குடுத்த சைக்கிள், வந்து ஒரு மாசம் ஆகல.

இதைத்தான் நான் கேக்குறேன். 2001-லேருந்து இந்த மாநிலத்துல பள்ளிக்கூடப் பொண்ணுங்களுக்கு இலவச சைக்கிள் குடுக்குறாங்க. முதல்ல ஆதிதிராவிடர், பழங்குடிப் பொண்ணுங்களுக்கு மட்டும் இருந்தது, அப்புறம் பையன், பொண்ணு எல்லாருக்கும் வந்துச்சு. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனா சைக்கிளைக் குடுத்தோமே, அது ஓடுற வழி எங்கன்னு யாராவது யோசிச்சாங்களா? புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் நடந்தப்போ, 1991-92-ல, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இருந்த காலத்துல, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க. கல் உடைக்கிறவங்க, கூலி வேலை செய்றவங்க. பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்காம, புருஷன் கையை எதிர்பாக்காம, அவங்களே சந்தைக்குப் போய் வந்தாங்க. இன்னிக்கு இருக்கிற ரோட்டுல அவங்களை சைக்கிள் கத்துக்கச் சொன்னா எத்தனை பேர் வருவாங்க?

பட்டணத்துல இருந்து இதைப் படிக்கிறவங்க கோவிச்சுக்காதீங்க. "கிராமத்துல சைக்கிள் பாதை போடணும், சுற்றுலா வளரும், போர்டு வைக்கணும்"னு பேசுறீங்க. புதுசா ஒண்ணும் போட வேணாம். பாதை இருக்கு. சர்க்கார் கணக்குல இருக்கு. உங்க கிராமத்து அ-பதிவேட்டை எடுத்துப் பாருங்க, 'வண்டிப்பாதை புறம்போக்கு'ன்னு தனி சர்வே நம்பரே இருக்கும். எஃப்.எம்.பி. படத்துல ரெட்டைப் புள்ளிக்கோடா ஓடும். பட்டா நிலத்துக்குள்ள போற பாட்டையா இருந்தாலும், 20 வருஷம் தடையில்லாம நடந்த வழிக்கு உரிமை உண்டுன்னு 1882-ம் வருஷத்துச் சட்டமே சொல்லுது. அதை விடுங்க. உங்க கிரயப் பத்திரத்தையே எடுத்துப் படிங்க. 'மாமூல் வழிநடை பாத்தியம்'னு ஒரு வரி இருக்கும். பதிவு பண்ணும்போது யாரும் அதைப் படிக்கிறதில்ல. உங்க பண்ணைக்குள்ள வர உங்களுக்கு வழி வேணும்னா, மத்தவங்களுக்கும் வழி வேணும்.

அந்த நாலு பேர்ல ஒருத்தர் கேட்டுக்குப் பக்கத்துல ரொம்ப நேரம் பேசாம நின்னாரு. அப்புறம் சொன்னாரு, "ஐயா, நானும் உத்திரமேரூர் பக்கம் ஒரு ஏக்கர் வாங்கி வேலி போட்டிருக்கேன். குறுக்க ஏதோ தடம் மாதிரி இருந்துச்சு." நான் ஒண்ணும் சொல்லல. அவருக்கே தெரிஞ்சு போச்சு.

பழியை எல்லாம் பட்டணத்து மேல போட்டுட்டு நான் தப்பிச்சுக்க முடியாது. பாட்டையை முதல்ல தின்னது நாங்கதான். ரெண்டு கட்டை வண்டி எதிரெதிர ஒதுங்கிப் போன அகலம் அது. வந்தவாசிப் பாயை சைக்கிள்ல கட்டிக்கிட்டு ஊர் ஊரா வித்தவங்க அதுலதான் வருவாங்க. வண்டி மாடு போச்சு, டிராக்டர் வந்துச்சு. ஒவ்வொரு உழவுக்கும் ஒரு சாண் உள்ள போனோம். எங்க அப்பா தின்னாரு, நானும் தின்னேன். பக்கத்துக் கழனிக்காரன் தின்றான், நாம மட்டும் விட்டா ஏமாளின்ற கணக்கு. கடைசியில ஒத்தையடிப் பாதையா மெலிஞ்சதைத்தான் பட்டணத்துக்காரர் வந்து வேலிக்குள்ள போட்டாரு. அவர் கண்ணுக்கு அது பாதையாவே தெரிஞ்சிருக்காது.

இன்னொரு கூட்டம் இருக்கு, எங்க ஊர்லயே. எல்லாப் பாட்டைக்கும் தார் போடணும், சிமெண்ட் போடணும்னு சொல்றவங்க. ஊருக்குள்ள ஆம்புலன்ஸ் வரணும், நெல்லு மூட்டை ஏத்த லாரி வரணும், அதுக்குத் தார் ரோடு வேணும். இருக்கு. ஏரிக்கரைக்கு எதுக்கு? தார் போட்ட மறு வருஷமே குறுக்கு வழின்னு டிப்பர் அதுல இறங்கும். அப்புறம் கரை தாங்குமா, மதகு தாங்குமா? தண்ணி வடியுற மாதிரி நடுவுல கொஞ்சம் உயர்த்தி, சரளை போட்டு உருளை ஓட்டினா சைக்கிளுக்கும் மாட்டுக்கும் போதும். நூறு நாள் வேலையில இப்படி மண் ரோடு போட்டவங்கதான் நாங்க. மெட்ராஸ்காரங்க சொல்ற இத்தாலியிலேயே, டஸ்கனின்ற பக்கத்துல, 1997-ல ஒரு கூட்டம் பழைய சைக்கிள்ல ஊர்வலம் மாதிரி கிளம்பிச்சாம், எங்க வெள்ளை மண் ரோட்டைத் தார் போட்டு அழிக்காதீங்கன்னு. இன்னிக்கு உலகமே அந்த ரோட்டுல ஓட்ட வருது. அவங்க முதல்ல ரோட்டைக் காப்பாத்தினாங்க.

எனக்கு உலகம் வர வேணாம். எதிர்வீட்டுப் பொண்ணு ஸ்கூலுக்குப் போனா போதும். பின்னாடியே நீங்களும் வாங்க, இளநி வெட்டித் தரேன்.

வேணும்னு நினைக்கிறவங்க ஒண்ணு செய்யுங்க. உங்களுக்குச் சொந்த ஊர்ல நிலம் இருந்தா அந்த எஃப்.எம்.பி. படத்தை எடுங்க, இப்ப இணையத்துலயே வருது. புள்ளிக்கோடு உங்க வேலிக்குள்ள போகுதான்னு பாருங்க. போனா கேட்டைப் பூட்டாம விடுங்க, இல்ல வேலியைப் பத்தடி உள்ள தள்ளுங்க. வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுது. பட்டணத்துல இருந்தாலும் ஓட்டு ஊர்ல இருக்கிறவங்க ஒரு தடவை வந்து கையெழுத்துப் போடுங்க, பாட்டையை அளந்து கல் நடணும்னு. தார் கேக்காதீங்க, கல்லு கேளுங்க. நாங்க ஆகஸ்ட் 15 கூட்டத்துல தீர்மானம் போட்டோம். கை தூக்கினது பதினாறு பேர். அதுல பதினொண்ணு பொம்பளைங்க.

நான் சும்மா பேசிட்டு இருக்கேன்னு நினைக்காதீங்க. தை அறுப்பு முடிஞ்சதும் என் வரப்பை நானே நாலடி உள்ள தள்ளிக் கட்டினேன். வீட்டுல ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்ல. பங்குனியில போய்ப் பாத்தா, எதிர்ப்பக்கத்துக் கழனிக்காரன் அந்த நாலடியில ரெண்டடியை உழுது உளுந்து தெளிச்சிருக்கான். கேட்டதுக்கு, "நீ வேணாம்னுதான விட்ட"ன்றான். உளுந்து அறுக்கட்டும்னு விட்டிருக்கேன். அறுத்த அன்னிக்கு சாயங்காலம் கயிறும் முளைக்குச்சியும் எடுத்துக்கிட்டு அவன் வீட்டுக்குப் போறேன். கையில எஃப்.எம்.பி. இருக்கும்.