குமாஸ்தா மேசையும் நாடக மேடையும்

சென்ற மாதம் நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் புதல்வரை அழைத்துக்கொண்டு நம் இல்லத்திற்கு வந்திருந்தார். பிள்ளைக்கு இருபத்து நான்கு வயது; வங்கியொன்றில் உத்தியோகம். அதை விடுத்துச் சென்னைக்குச் சென்று நடிகராவது என்று உறுதி பூண்டிருக்கிறார். வீட்டுக் கடனோ இன்னும் பாதிகூட அடையவில்லை. "ஸார், நீங்களே நாலு வார்த்தை புத்தி சொல்லுங்கள்" என்றார் தந்தை. ஆண்டு விழா நாடகத்தில் மட்டும் வேடம் புனையும் ஒரு ரயில்வே குமாஸ்தா என்ன புத்தி சொல்ல இயலும்? உத்தம் குமாரின் கதையைச் சொன்னோம்.

நம்மவரான சிவாஜியை விட்டுவிட்டு இவரை ஏன் எடுத்தீர் என வாசகர்கள் வினவலாம். சிவாஜி கணேசன் சிறு பிராயத்திலேயே வீட்டைப் பிரிந்து பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். பெண் வேடம் உட்பட எல்லா வேடமும் அங்கே பயின்று, 1952இல் 'பராசக்தி'யில் திரைக்கு வந்தார். அந்தக் கம்பெனிகள் இன்றில்லை. மாதச் சம்பளக்காரருக்கு அண்மையிலிருப்பது உத்தமின் பாதையே.

அருண் குமார் சாட்டர்ஜி 1926இல் வடகொல்கத்தா ஆஹிரிடோலாவில் பிறந்தார். வளர்ந்தது பவானிபுரத்தில், லேக் மார்க்கெட் பக்கத்து நம்மவர்கள் காலை நடையாகவே போய் வரலாம். தந்தை மெட்ரோ திரையரங்கில் படம் ஓட்டுபவர். குடும்பத்தாருக்கு 'சுஹ்ருத் சமாஜ்' என்றொரு நாடகக் குழு இருந்தது. நடிப்பு அவருக்கு அங்கே, உற்றார் நடுவே வந்தது. கல்லூரிப் படிப்பை முடிக்காமலே துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவானார். பேர்லி பிளேஸில் உள்ள நம் காரியாலயத்திலிருந்து அக்கழகத்தின் தலைமையகம் கூப்பிடு தூரம். தேநீர் வேளைகளில் அக்கட்டடத்தைக் காணுந்தோறும் நமக்கு ஓர் அற்பப் பெருமிதம் உண்டாவதை மறைப்பானேன்!

1948இல் 'திருஷ்டிதான்' வெளிவந்தது. அது ஓடவில்லை, அடுத்தடுத்து வந்தவையும் ஓடவில்லை. பெயரை மாற்றிப் பார்த்தார். ஸ்டூடியோக்களில் 'பிளாப் மாஸ்டர் ஜெனரல்' என்று பட்டம் சூட்டிச் சிரித்தார்கள். அந்நாட்களில் வீட்டு அடுப்பு எரிந்தது துறைமுகச் சம்பளத்தால். 1952இல் 'பாசு பரிவார்' அவரைக் கரை சேர்த்தது.

இனி வருவதே நாம் அவ்விளைஞருக்கு அழுத்திச் சொன்ன பகுதி. 1953இல் 'சாரே சுவாத்தர்' படமும் வெற்றி பெற்றது. கைநிறையப் படங்கள் வரத் தொடங்கிய அவ்வேளையில், ஹாத்திபாகான் ஸ்டார் தியேட்டரில் 'ஷியாமளி' நாடகத்தை ஒப்புக்கொண்டார். நிருபமா தேவியின் நாவலைத் தழுவியது அது. ஷியாமளி வாய் பேசாப் பெண். அவ்வேடத்தில் சாவித்திரி சாட்டர்ஜி. கிழக்கு வங்கத்திலிருந்து பெயர்ந்து வந்த அவர், அகதிகளின் துயரைச் சொன்ன 'நத்துன் இஹூதி' நாடகத்தில் நடித்துத் தேறியவர். கதாநாயகன் அனிலாக உத்தம். எதிரே நிற்பவள் மறுமொழி பேசாள்; அவள் முகத்தைப் படித்து, அவள் கருத்தையும் தானே சபைக்கு உணர்த்த வேண்டும். காமிராவின் முன் தவறினால் மறுபடி எடுக்கலாம், மேடையில் அதற்கு வழியேது? 'ஷியாமளி' 484 முறை நடந்தது. பின்னாளைய படங்களில் எதிரே இருப்பவர் பேசும்போது உத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் அழகு ஒன்றுண்டே, அது இந்த நாடகத்தில் விளைந்தது என்பது நம் துணிபு. நிரூபிக்கச் சொன்னால் நம்மிடம் சான்றில்லை.

ஸ்டார் தியேட்டர் 1991இல் தீக்கிரையாகிப் பின்னர் புதுப்பிக்கப்பட்டது. டாலிகஞ்சு மெட்ரோ நிலையத்துக்கு இன்று உத்தமின் பெயர். நம் பிள்ளைகள் அதை நாள்தோறும் ஒலிபெருக்கியில் கேட்கிறார்கள். யார் என்று கேட்பாரைக் காணோம்.

கதை முடிந்ததும் தந்தைக்கு முகம் மலரவில்லை. "அவரும் கடைசியில் வேலையை விட்டவர்தானே?" என்றார். ஆம், விட்டவர்தாம், மறுக்க முடியவில்லை. பிள்ளை கேட்டது வேறு: "நானூற்று எண்பத்து நாலு தடவை ஒரே வசனத்தைச் சொன்னால் சலிக்காதா, மாமா?"

சென்ற ஞாயிறு சங்க நாடக ஒத்திகைக்கு அவர் வந்தார். தபால்காரர் வேடம், நான்கு வரி வசனம். இரண்டாம் வரியில் இருமுறை தடுமாறினார். வரும் ஞாயிறும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ராஜிநாமாக் கடிதம் இன்னும் மேசை டிராயரில் இருக்கிறதாம்.