திரும்பிப் பார்த்தால் ஆறு மீன்



கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்குக் கீழ்பென்னாத்தூரில் எல்லார் முகமும் மேற்கே இருக்கும். மாடியிலும் வரப்பிலும் நின்று, அண்ணாமலை உச்சியில் சுடர் தெரிகிறதா என்று காத்திருப்போம். அப்படி ஒரு மாலையில் பக்கத்தில் நின்ற சிறுமி கேட்டாள்: "கார்த்திகை நட்சத்திரத்துலதான தீபம் ஏத்துறாங்க? அந்த நட்சத்திரம் எங்க இருக்குது ஆயா?"

ஆயாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்தப் பக்கத்தை அந்தக் கேள்விக்கே தருகிறேன்.

பதில் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பௌர்ணமியன்று பூமிக்கு ஒரு பக்கம் சூரியன், நேர் எதிர்ப்பக்கம் நிலா. அதனால்தான் மேற்கே பொழுது சாயும்போது கிழக்கே நிலா கிளம்புகிறது. முழுநிலா எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறதோ அதன் பெயர் மாதத்துக்கு. விசாகம் என்றால் வைகாசி. கார்த்திகை என்றால் கார்த்திகை. மலையில் தீபம் ஏறும் வேளையில் செஞ்சிப் பக்கத்து வானில் நிலாவும் கார்த்திகை மீன்களும் சேர்ந்தே ஏறிக்கொண்டிருக்கும். ஆறு மாதம் போனால் அதே இடத்துக்குச் சூரியன் வந்துவிடும். மே மாதம் நம்மை வாட்டும் அக்னி நட்சத்திரம் வேறெதுவும் இல்லை, இந்தக் கார்த்திகைதான். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது, அவ்வளவே.

வெறுங்கண்ணுக்கு ஆறு மீன். உண்மையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் கூட்டம். அங்கிருந்து ஒளி நம்மிடம் வரச் சுமார் 440 ஆண்டு ஆகிறது. அருணாசலேஸ்வரர் கோயில் ராஜகோபுரம் எழுந்த 16ஆம் நூற்றாண்டில் புறப்பட்ட ஒளியை இன்று நம் மாடியில் நின்று பார்க்கிறோம். இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வானத்தைப் படிக்க நம் பிள்ளைகள் எங்கோ போக வேண்டியதில்லை. ஜவ்வாது மலையில், காவலூரில், வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடத்தில் 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்று வேலையைத் தொடங்கியது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போனபோது, அதற்குச் சற்று முன்பே விண்மீனின் ஒளி மங்கி மீண்டதைக் காவலூர் பதிவு செய்தது. அந்தக் கோளுக்கு வளையங்கள் உண்டென்று உலகம் அறியக் காரணமான பதிவுகளில் அதுவும் ஒன்று. 1988இல் அங்கே கண்டறிந்த குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயர். 2023 ஆகஸ்ட் 23இல் நிலவின் தென்துருவம் அருகே இறங்கிய சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், பக்கத்து விழுப்புரத்தில் பள்ளி முடித்தவர்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சூரியக் குடும்பத்தைப் பள்ளிச் சுவரில் வரைந்தாயிற்று. ஓர் இரவாவது பிள்ளைகளை விளக்கில்லாத திடலுக்கு அழைத்துப் போங்கள்.

தீபத்தன்று முழுநிலா வெளிச்சம் மீன்களை மங்கச் செய்துவிடும். கவலை வேண்டாம், மலைமேல் தீபம் 11 நாள் எரியும். ஐந்தாறு நாள் கழித்து இரவு எட்டு மணிக்குப் பாருங்கள். நிலா வர நேரமிருக்கும். கார்த்திகை கிழக்கில் பாதி வானம் ஏறியிருக்கும். எத்தனை மீன் எண்ணினீர்கள் என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதுங்கள். வயதையும் குறிப்பிடுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்