சாளை மீனும் பத்து சென்டிமீட்டர் விதியும்

கொச்சியிலும் அதன் தெற்கிலும் சாளை என்றும், மலபாரில் மத்தி என்றும், தமிழ்நாட்டில் பேச்சாளை என்றும் வழங்கப்பெறும் மீன் கேரளத்து மக்களின் அன்றாட உணவாகும். இம்மீன் 10 சென்டிமீட்டர் நீளத்திற்குக் குறைந்திருப்பின் அதனைப் பிடித்தலும் விற்றலும் கூடாது எனக் கேரள அரசு 2015-ஆம் ஆண்டில் விதித்தது. சாளை உள்ளிட்ட 14 இனங்களுக்கு அவ்வாண்டில் வரையறுக்கப்பெற்ற குறைந்த அளவு, 2017-இல் மேலும் 44 இனங்களுக்கு விரிவாக்கப்பட்டு, மொத்தம் 58 இனங்களைத் தழுவி நிற்கின்றது. அயிலை எனப்படும் கானாங்கெளுத்திக்கு அளவு 14 சென்டிமீட்டர். இவ்விதிக்குரிய ஆராய்ச்சியைச் செய்தது கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். அந்நிலையம் 1947-இல் தோன்றி, பின்னர் நம் மண்டபம் முகாமில் இயங்கி, 1971-இல் கொச்சிக்கு இடம் மாறியது என்பது தமிழ் வாசகர்கள் நினைவிற்கொள்ளத் தக்கதாகும்.

“விதிகள் அடிக்கடி மாறுகின்றனவே, விஞ்ஞானிகளுக்கே திட்டமான அபிப்பிராயம் இல்லையோ?” என்ற கேள்வி கடற்கரைக் கிராமங்களில் களப்பணியாளர்களை எதிர்நோக்கி நிற்கிறது. பள்ளி மாணவரும் இதனையே வேறு வார்த்தைகளில் கேட்பர். இதற்கு விடை கூற வேண்டுமாயின் சிறிது பின்னோக்கிச் செல்லுதல் அவசியம்.

சாளையின் வாழ்க்கை வரலாற்றை முறையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர்கள் சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெலும் நாயுடுவும் ஆவர். அவர்களது ஆராய்ச்சி 1924-இல் வெளிவந்தது. 1940-களில் சாளை பெரிதும் அருகிப் போயிற்று. அதனைக் கண்ட சென்னை சர்க்கார், சினை மீனையும் இளமீனையும் காக்கும் நோக்குடன் 1943-இல் தடைவிதி கொணர்ந்தது. நடைமுறைப்படுத்த இயலாமையால் சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது. இயலாமைக்குரிய காரணங்களுள் ஒன்றை மட்டாஞ்சேரியில் நின்று பார்த்தால் எளிதில் உணரலாம். அந்நாளில் ஃபோர்ட் கொச்சி சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. அதனை ஒட்டியுள்ள மட்டாஞ்சேரியோ கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. நடந்தே கடக்கக்கூடிய ஓர் எல்லையின் ஒருபுறம் சென்னையின் ஆணை செல்லும், மறுபுறம் செல்லாது. மீன் கூட்டம் இந்த எல்லையை அறியாதன்றோ!

சுதந்திரத்திற்குப் பின் எழுந்த பிரச்சினை வேறு. இயந்திரப் படகுகளும் இழுவலைகளும் பெருகியதனால், கட்டுமரமும் வள்ளமும் கொண்டு தொழில் புரிந்தோர் கரையோரக் கடலில் தங்கள் பங்கை இழக்கலாயினர். அப்பூசலின் விளைவே 1980-ஆம் ஆண்டின் கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். பருவமழைக் காலத்து இழுவலைத் தடை 1988-இல் வந்தது. அதன் கால அளவு ஆண்டுக்கு ஆண்டு வேறுபட்டுப் பின்னர் 47 நாட்களாக நிலைபெற்று, 2018-இல் 52 நாட்களாயிற்று. ஆகவே, 1943-இன் விதி சினை மீனைப் பற்றியது. 1980-இன் சட்டம் பெரும்பாலும் மனிதருக்கிடையேயான நியாயத்தைப் பற்றியது. 1988-இன் தடை காலத்தைப் பற்றியது. 2015-இன் ஆணை மீனின் உடலளவைப் பற்றியது. கேள்வி மாறியதனால் விடையும் மாறிற்று. இதனை விஞ்ஞானத்தின் தடுமாற்றம் என்று கூறுதல் பொருந்தாது.

எனினும் பத்து சென்டிமீட்டர் விதி குறையற்றது அன்று. சாளை முதிர்ச்சியடைந்து சினை கொள்வது ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளத்தில்தான். அப்படியிருக்க, ஒருமுறையேனும் முட்டையிடாத மீனைப் பிடிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறதே என்று கேட்பவரை அலட்சியப்படுத்தலாகாது. சாளையின் ஆயுள் இரண்டரை ஆண்டளவே. ஒரே ஆண்டிற்குள் வளர்ந்து முதிரும் மீன் அது. பதினைந்து என்று வரையறுத்தால் பிடிபடும் மீனில் பெரும் பகுதி குற்றமீனாகிவிடும். வள்ளக்காரரின் அடுப்பு எரியாது. பத்து என்பது விஞ்ஞானமும் வயிறும் செய்துகொண்ட ஓர் உடன்பாடு எனக் கொள்ளலாம். இதனை உள்ளவாறே எடுத்துரைப்பதில் பணியாளருக்கு வெட்கம் வேண்டுவதில்லை. மறைத்துரைத்தால் மீனவர் தாமே கண்டுகொள்வர். சினையின் நிலையை அவர்களைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் எவர்?

வேறொரு தவறும் நிகழக்கூடும். “விதியைக் கைக்கொண்டால் மீன் பெருகும்” என்று வாக்களிப்பது அது. கேரளத்தில் 2012-இல் 4 லட்சம் டன்னை நெருங்கிய சாளைப் பிடிப்பு, விதி வந்தபின் 2021-இல் 3,297 டன்னாகச் சரிந்தது. பின்னர் 2023-இல் 1 லட்சத்து 38 ஆயிரம் டன்னளவுக்கு மீண்டும் உயர்ந்தது. இவ்வேற்றத்தாழ்வுக்கு வலை மட்டுமே காரணம் அன்று. பருவமழையின்போது ஆழ்நீர் மேலெழுந்து உப்புச்சத்துகளைக் கொணர, டயாட்டம் எனும் நுண்பாசி செழிக்க, அதனையுண்டு சாளை பெருகுகின்றது; 2015–16-இன் எல் நினோ போன்று கடல் வெப்பமுறும் ஆண்டுகளில் அந்த ஒழுங்கு குலைகின்றது. இயந்திரப் படகே இல்லாத 1940-களிலும் சாளை மறைந்ததன்றோ? வாக்களித்த பணியாளர் ஒரே ஒரு கெட்ட ஆண்டில் பொய்யராகிவிடுவார். எஞ்சியிருக்கும் தாய் மீனின் எண்ணிக்கையைக் காத்து, நல்ல ஆண்டு வரும்போது பெருகுவதற்கு வித்து வைத்திருப்பதே விதியின் பயன். அதற்கு மேல் கூறுதல் மிகை. சங்கரா இனத்தைச் சேர்ந்த கிளிமீனில் இவ்விதி நற்பயன் தந்ததாக ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்துள்ளது. ஆனால் அடிநீரில் வாழும் கிளிமீனுக்குப் பொருந்துவதெல்லாம் மேல்நீரில் திரியும் சாளைக்கும் பொருந்தும் என எதிர்பார்க்கலாகாது.

மேலைநாட்டு உதாரணம் ஒன்று இவ்விடத்தில் ஒப்புநோக்கத் தக்கது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் தூண்டிற் பொழுதுபோக்கினர் பெரிதும் விரும்பும் ‘ஸ்ட்ரைப்டு பாஸ்’ என்னும் மீன் அருகியபோது, 1984-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. மேரிலாந்து மாநிலம் 1985 முதல் 1990 வரை அம்மீனைப் பிடிப்பதையே தடுத்தது. பின்னர் மீன் பெருகித் தடை தளர்ந்தது. மீண்டும் குறையவே, 2023-இல் கடலிற் பிடிப்போர் 28 அங்குலத்திற்குக் குறைந்ததையும் 31 அங்குலத்திற்கு மேற்பட்டதையும் விட்டுவிட வேண்டும் என்றாயிற்று. சிறியதோடு பெரிய தாய் மீனையும் காப்பது அதன் கருத்து. ஆனால் தூண்டிற்காரர் தாம் பிடித்த ஒரு மீனை அளந்து உயிரோடு நீரில் விடலாம். ஆயிரக்கணக்கான சாளையை ஒரே வீச்சில் வளைக்கும் வலைக்காரர் அவ்வாறு செய்ய இயலுமோ? கரையில் அளக்கும்போது மீன் இறந்துபோயிற்று. தண்டம் விதிப்பதால் அது உயிர்த்தெழாது. ஆதலின் அளவுகோல் கரையிலிருந்து கடலுக்குச் செல்லுதல் வேண்டும். வலைக்கண்ணின் அகலத்தைச் சரிபார்த்தலும், சிறுமீன் கூட்டம் நிற்கும் இடத்தை முன்னறிவித்துப் படகுகளை அங்கிருந்து விலகச் செய்தலும் தண்டத்தினும் பயனுடையவை. அவ்வாறு முன்னறிவிக்காமல், கரை சேர்ந்த பின் சிறு வள்ளக்காரரை மட்டும் பிடித்து வழக்கிடுதல் நியாயமன்று.

நீளம் குறைந்ததெல்லாம் குஞ்சு என்றும் எண்ணலாகாது. நல்ல மழைக்குப்பின் சாளை அளவிறந்து பெருகும் ஆண்டில், இரை போதாமல் மீன் சிறுத்தே நிற்பதும் உண்டு. ஆதலின் களப்பணியாளர் நீளத்தோடு எடையையும் சினையின் நிலையையும் குறித்து அனுப்புதல் நலம். பத்து என்னும் எண்ணை இனி எக்காலத்தேனும் திருத்துவதாயின் அக்குறிப்புகளே ஆதாரமாகும். பள்ளி ஆசிரியரும் ஓர் அளவுகோலுடன் இதனை மாணவருக்குச் செய்து காட்டலாம். நீளம் என்பது மூக்கு நுனி முதல் வால் நுனி வரை. வாலை நீக்கி அளந்தால், சட்டத்திற்குட்பட்ட மீனும் குற்றமீனாகத் தோன்றும்.